அடுத்தவன் பொட்டலத்தை நான் ஏன் தூக்கணும்?

தில்லிக்கு வந்த புதுசு. அம்மா போடும் வடாமும் ஊறுகாயும் எனக்கு வந்து சேர ஒரே வழி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வரும் யாராவது ஒரு புண்ணியவான் பெட்டிதான். அவருக்கு இதில் என்ன லாபம்? இதே கேள்வியோடு ஒயர்லெஸ் ஆராய்ச்சிக்காரர்களும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

1973-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு அமைப்பான தார்பா, ‘பாக்கெட் ரேடியோ’ திட்டத்தைத் தொடங்கியது. போர்க்களத்தில் டவருக்கு எங்கே போவது? நடுவில் இருக்கும் ரேடியோக்களே தகவலைக் கைமாற்றி விடவேண்டியதுதான். எல்லாம் ஒரே படையின் கருவிகள் என்பதால் ‘ஏன் தூக்கணும்’ என்ற பேச்சே எழவில்லை.

பிறகு லேப்டாப்கள் வந்தன. டவர் இல்லாமல் தங்களுக்குள் கைகோர்க்கும் ‘ஆட் ஹாக்’ வலைகளைப் பற்றி யோசித்தார்கள். இங்கே ஆளுக்கொரு முதலாளி. உங்கள் தகவலைக் கைமாற்றினால் தீர்வது என் பேட்டரி. வாங்கிக்கொண்டு குப்பையில் போட்டுவிட்டால்?

2000-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு காவல்நாயை உருவாக்கினார்கள். பெயரே ‘வாட்ச்டாக்’. அடுத்த கருவி தகவலை நிஜமாகவே அனுப்புகிறதா என்று ஒட்டுக்கேட்கும். அனுப்பாதவனை விட்டு வேறு பாதையில் போகும். வேடிக்கை என்னவென்றால், ஏமாற்றியவனுக்கு அதனால் வேலைதான் மிச்சம்!

அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் லொசானில் புட்யானும் ஹுபோவும் கூலி கொடுத்துப் பார்த்தார்கள். ‘நக்லெட்’ என்று ஒரு கற்பனைக் காசு. அடுத்தவர் தகவலைச் சுமந்தால் வரவு, சொந்தத் தகவலை அனுப்பினால் செலவு.

2003-ல் செந்தோனாரிஸ், எர்கிப், ஆஜாங் மூவரும் வேறு மாதிரி கணக்குப் போட்டார்கள். சிக்னல் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். என்னுடையது மங்கும் அதே நேரத்தில் உங்களுடையதும் மங்க வாய்ப்பு குறைவு. ஆகவே இருவரும் ஒருவர் தகவலை இன்னொருவர் சேர்த்து அனுப்பினால், இருவருக்குமே வேகம் கூடும், தொடர்பு அறுவது குறையும். 2004-ல் லேன்மன், சே, வோர்னல் இதற்கான வழிகளை அலசினார்கள்: கேட்டதை அப்படியே உரக்கச் சொல்வது ஒன்று, புரிந்துகொண்டு திருப்பிச் சொல்வது இன்னொன்று.

 தூக்குகிறவனுக்கும் லாபம் உண்டு என்று கணக்கே சொல்லிவிட்டது.

போன தடவை ஊருக்குக் கிளம்பும்போது என் பெட்டியில் பாதி, பக்கத்து வீட்டு மாமி கொடுத்த சாமான். தங்கமணி முறைத்தார். நான் செந்தோனாரிஸ் கணக்கைச் சொன்னேன். முறைப்பு குறையவில்லை. ஆனால் அடுத்த மாதமே மாமியின் பெட்டியில் எங்கள் வடாம் வந்து இறங்கியது!