நுனியில் 0.2 மில்லிமீட்டர்

1922 ஜனவரி. கனடாவின் டொரொண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு இன்சுலின் போட்டாங்க. சர்க்கரை நோய்க்கு அதைப் போட்டுக்கிட்ட முதல் ஆள் அவன்தான். அப்புறம் 13 வருஷம் வாழ்ந்தான்.

அந்தக் காலத்து நோயாளிகள் வீட்லயே கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வெச்சு, மழுங்கின ஊசியைக் கல்லுல தீட்டி, திரும்பத் திரும்பக் குத்திக்கிட்டாங்க. உயிர் மிஞ்சினதே பெருசு. வலியைப் பத்தி யார் பேசுவா?

பிறகு ஒரு தடவை போட்டுத் தூக்கிப் போடுற மெல்லிய ஊசிகள் வந்துச்சு. இன்னும் மெலிசாக்கலாமேன்னு தோணும். ஆனா ஊசியோட உள்விட்டம் பாதியானா, அதே வேகத்துல மருந்து போக 16 மடங்கு அழுத்தம் வேணும். சிக்கலே அங்கதான்.

ஜப்பானின் டெருமோ நிறுவனம் இதுக்கு டோக்கியோவுல சின்னப் பட்டறை நடத்தின மசாயுகி ஒகானோவைத் தேடிப் போச்சு. குழாயை இழுத்து ஊசியாக்குறதுதான் வழக்கம். அவர் மெல்லிய எஃகுத் தகட்டைச் சுருட்டி, கூம்பு மாதிரி ஊசி செஞ்சார். அடியில 0.35 மில்லிமீட்டர், நுனியில 0.2. அகலமான அடியில மருந்து சுலபமாப் போகும். மெல்லிய நுனி வலியைக் குறைக்கும். 2005-ல விற்பனைக்கு வந்துச்சு.

இதெல்லாம் சின்ன விஷயமா உங்களுக்குத் தோணலாம். தினமும் நாலு தடவை இன்சுலின் போட்டுக்கிற ஒரு குழந்தையை நினைச்சுப் பாருங்க. வருஷத்துக்கு 1,460 குத்து. அந்தக் கணக்கை வெச்சுத்தான் நான் இந்த ஊசியை எடை போடுறேன்.