பூட்டு நெகிழ்ந்த வரலாறு: மூலக்கூறு டாக்கிங் முறையின் வளர்ச்சி

1894 ஆம் ஆண்டில், பெர்லின் சர்வகலாசாலையில் ரசாயனப் பேராசிரியராக விளங்கிய எமில் பிஷர், ஒரே சர்க்கரையிலிருந்து ஆக்கப்பட்ட இரண்டு சேர்மங்களை ஈஸ்டின் சாற்றிலும், கசப்பு வாதுமையிலிருந்து கிடைக்கும் எமல்சின் என்னும் நொதியிலும் தனித்தனியே இட்டுப் பார்த்தார். இரண்டிலும் உள்ள அணுக்களும் அவற்றின் தொகையும் ஒன்றே. ஒரு கரியணுவைச் சுற்றி அவை நிற்கும் திசை மட்டுமே வேறு. ஆயினும் ஈஸ்டின் சாறு ஒன்றைப் பிளந்து மற்றதைத் தீண்டாமல் விட்டது. எமல்சினோ அது விட்டதைப் பிளந்து, அது பிளந்ததை விட்டது. இந்த விசித்திரத்துக்குக் காரணம் கூற முற்பட்டபோதுதான், நொதியும் அது செயற்படும் பொருளும் பூட்டும் சாவியும்போல ஒன்றற்கொன்று பொருந்த வேண்டும் என்னும் உவமையை அவர் கையாண்டார். புரதத்தின் உருவத்தை ஒருவரும் கண்டிராத காலத்தில் பிறந்த அவ்வுவமையே, ஒரு மூலக்கூறு புரதத்தோடு எவ்வாறு பொருந்தும் என்று தேடும், இன்று மூலக்கூறு டாக்கிங் என வழங்கும் கணிப்பொறி ஆய்வுக்கு வித்தாயிற்று என்பதும், அம்முறையின் வளர்ச்சி பெரும்பாலும் அந்தப் பூட்டின் விறைப்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்திய முயற்சியே என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

உவமை காட்சியாக மாற அறுபத்து நான்கு ஆண்டுகள் சென்றன. 1958 இல் கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு மயோகுளோபின் என்னும் புரதத்தின் உருவத்தை முதன்முதலாகக் கண்டறிந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் டேனியல் கோஷ்லாண்ட், சாவி நுழையும்போது பூட்டும் தன் உருவைச் சற்று மாற்றிக்கொள்கிறது என்னும் சித்தாந்தத்தை வெளியிட்டார். பூட்டு கண்ணுக்குப் புலப்பட்ட அந்த ஆண்டிலேயே அது அசையாப் பொருளன்று என்ற எச்சரிக்கையும் எழுந்துவிட்டது. ஆனால் அதைக் கணக்கில் கொண்டுவரும் ஆற்றல் அன்றைய யந்திரங்களுக்கு இல்லை.

சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. என். ராமச்சந்திரனும், அவருடன் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் 1963 இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவுகூர்தல் தகும். அணுக்களைக் கெட்டியான கோளங்களாகக் கொண்டு, இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று எல்லை வகுத்து, அவ்வெல்லையை மீறாமல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பக்கூடும் என்று அவர்கள் கணித்தார்கள். இரண்டு அணுக்கள் ஓரிடத்தில் நிற்க இயலாது என்ற அந்த எளிய நியாயமே டாக்கிங்குக்கும் அடிப்படை. தம்மிடமுள்ள புரத உருவம் நம்பத்தக்கதா என்று சோதிக்க விரும்பும் ஆய்வாளர் இன்றும் முதலில், அக்கோணங்களைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தையே நாடுகிறார்.

1971 இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் புரத உருவங்களுக்கென ஒரு பொதுக் களஞ்சியம், ஏழே உருவங்களுடன், தொடங்கப்பட்டது. 1978 இல் ஷோஷனா வோடக், ஜோயல் ஜானின் ஆகிய இருவரும் இரண்டு புரதங்களைக் கணிப்பொறியில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். எனினும் டாக்கிங் என்பது தனித்ததொரு முறையாக உருப்பெற்றது, 1982 இல் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியாச் சர்வகலாசாலையைச் சேர்ந்த இர்வின் குன்ட்ஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வினாலேயே ஆகும். புரதத்தின் மேற்பரப்பிலுள்ள பள்ளத்தைச் சிறிதும் பெரிதுமான கோளங்களால் நிரப்பி, அக்கோளங்களின் மையங்களுக்கிடையே உள்ள தூரங்களைச் சிறு மூலக்கூற்றின் உட்தூரங்களோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துவரும் நிலைகளையெல்லாம் யந்திரத்தைக் கொண்டு தேடச் செய்தார்கள். மயோகுளோபினில் ஹீம் என்னும் சிறு மூலக்கூறு அமர்ந்திருக்கும் நிலையை அம்முறை மீட்டுத் தந்தது. ஆனால் அங்கே பூட்டும் விறைப்பானது, சாவியும் விறைப்பானது. பிஷரின் உவமை எழுத்துப் பிசகாமல் கணிதமாயிற்று என்றே சொல்லலாம்.

சாவியை நெகிழ விடுவது அடுத்த படி. ஒரு மூலக்கூற்றில் திரும்பக்கூடிய பிணைப்புகள் பத்து இருந்து, ஒவ்வொன்றும் மூன்று நிலைகளை ஏற்குமாயின், நிலைகள் 59,049 ஆகிவிடுகின்றன. அத்தனையையும் ஒன்றொன்றாக நோக்குவதற்குப் பதிலாக, 1990 இல் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தின் டேவிட் குட்ஸெல்லும் ஆர்தர் ஓல்சனும், கொல்லன் காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிடுவதுபோல, மூலக்கூற்றை முதலில் தாறுமாறாக அலையவிட்டுப் படிப்படியாக அடக்கி ஆழ்ந்த நிலையில் அமரச்செய்யும் உபாயத்தை ஆட்டோடாக் என்னும் நிரலில் புகுத்தினார்கள். இதே காலத்தில், 1992 இல், புரதத்தோடு புரதத்தைப் பொருத்தும் துறையில், இஸ்ரேலின் எப்ராயிம் கட்சீரும் அவருடைய சகாக்களும் புரதங்களின் உருவத்தைக் கட்டங்களாக மாற்றி ஃபூரியே கணிதத்தால் பொருத்தினார்கள்.

இம்முறை கற்போர் வழக்கமாக முதலில் எடுத்துக்கொள்ளும் பாடம், டிரிப்சின் என்னும் நொதியும் அதைத் தடுக்கும் பென்ஸமிடின் என்னும் சிறு மூலக்கூறும். டிரிப்சினின் பள்ளத்தினடியில் 189 ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம் எதிர்மின்னேற்றத்தோடு காத்திருக்க, பென்ஸமிடினின் நேர்மின்னேற்றமுடைய முனை நேரே அதை நோக்கி இறங்கி, தட்டையான வளையம் பள்ளத்தின் இரு சுவர்களுக்கிடையே செருகிக்கொள்கிறது. திரையில் யந்திரம் காட்டும் நிலை, படிகத்தில் கண்ட நிலையினின்றும் இரண்டு ஆங்ஸ்ட்ராம் அளவுக்குள் விலகியிருந்தால் வெற்றி என்று கொள்வது மரபு. அந்த எடுத்துக்காட்டில் விலகல் அதைவிட மிகக் குறைவாகவே அமையும்.

இடத்தைக் காண்பது இவ்வாறு எளிதாயினும், மூலக்கூறு புரதத்தைப் பற்றும் வலிமையைக் கணிப்பதுதான் இன்றளவும் அரிதாக நிற்கிறது. அறையின் வெப்பநிலையில் மோலுக்கு 1.4 கிலோகலோரி வேறுபாடே வலிமையைப் பத்து மடங்கு மாற்றிவிடும். அவ்வலிமையை மதிப்பிட நிரல் தரும் டாக்கிங் மதிப்பெண்களோ இரண்டு கிலோகலோரி அளவுக்குப் பிழைபடுவது சாதாரணம். 1990 இல் குன்ட்ஸின் குழு எய்ட்ஸ் கிருமியின் புரோட்டியேஸ் நொதிக்குப் பொருந்தும் பொருளைத் தேடியபோது, மனநோய்க்கு வழங்கப்படும் ஹாலோபெரிடால் அகப்பட்டது. அது நொதியைத் தடுத்தது மெய்யே, ஆனால் தேவைப்பட்ட அளவு மருந்தாக உட்கொள்ள முடியாதது. அதே நொதியில் தடுப்பானுக்கும் புரதத்துக்கும் நடுவே ஒரேயொரு நீர் மூலக்கூறு பாலம்போல நிற்பதைக் கண்டு, 1994 இல் டூபாண்ட் மெர்க் ரசாயனிகள் அந்நீரின் இடத்தைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வளையச் சேர்மங்களை வகுத்தார்கள். டாக்கிங் செய்வோர் பெரும்பாலும் கணக்கைத் தொடங்குமுன் நீரையெல்லாம் நீக்கிவிடுகிறார்கள். அந்த வழக்கம் நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை.

மதிப்பெண்ணின் தகுதியையே சோதனைக்கு உட்படுத்திய ஆய்வு 2019 இல் வெளிவந்தது. பிரையன் ஷோய்கெட்டும் அவருடைய சகாக்களும் மூளையின் டி4 டோபமைன் ஏற்பியோடு 13.8 கோடி மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்த்து, உயர்ந்த மதிப்பெண் பெற்றவற்றை மட்டுமன்றி, இடைப்பட்டவற்றையும் தாழ்ந்தவற்றையும் வேண்டுமென்றே சேர்த்து, 549 சேர்மங்களை மெய்யாகவே ஆக்கிச் சோதித்தார்கள். மதிப்பெண் தாழத் தாழ, ஏற்பியைப் பற்றியவற்றின் விகிதமும் தாழ்ந்தது. மதிப்பெண்ணை மட்டும் நம்பித் தேர்ந்தவையும், ஆய்வாளர் திரையின்முன் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தவையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பற்றின. ஆனால் மிக வலிமையாகப் பற்றியவை கண்ணால் தேர்ந்தவற்றிலேயே இருந்தன.