காவிரிக்கரைக் கல்லூரிகள் – 12: படிக்கப் போனால் எங்கே தங்குவது?

நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கிய புனித வளனார் கல்லூரி, 1883-இல் திருச்சிக்குக் குடிவந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே ஊரில் பெண்களுக்கென ஹோலி கிராஸ் கல்லூரி வர இன்னும் 40 ஆண்டுகள் ஆயின. அதுவரை ஸ்ரீரங்கத்துப் பெண்ணொருத்தி கல்லூரிக்கு ஆசைப்பட்டால் வெளியூருக்குத்தான் ரயிலேற வேண்டும். சென்னையில் 1914-இல் ராணி மேரி கல்லூரியும் 1915-இல் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் வந்துவிட்டன. ஆனாலும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எங்கே தங்குவாள்?"

அமெரிக்கப் பெண்களுக்குச் சிக்கல் வேறு. அங்கே ஆண்கள் கல்லூரிக்குள் நுழைந்தவர்களை மாணவர் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. இண்டியானா ஆஸ்பரி கல்லூரியில் படித்த பெட்டி லாக், தோழியர் மூவருடன் 1870-இல் 'கப்பா ஆல்ஃபா தீட்டா' என்ற மாணவியர் சங்கத்தைத் தொடங்கினார். சின்னம், ரகசிய உறுதிமொழி, புதியவளுக்கு ஒரு மூத்த 'சகோதரி' எனச் சடங்குகள் பெருகின. அங்கும் நிறம் பார்த்தார்கள். அதனால் 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவியர் 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா'வை அமைத்தார்கள். துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அதில்தான் சேர்ந்தார்.

நம் ஊரில் சங்கத்துக்கு முன் கூரை தேவைப்பட்டது. குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த சுப்புலட்சுமி, 1911-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கி, எழும்பூரில் இளம் விதவைகளைத் தன்னோடு தங்கவைத்துப் படிக்கவைத்தார். இல்லம் பின்னர் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'. பிராமண விதவைகளுக்கு மட்டுமே இடம் என்பது அந்த இல்லத்தின் பெரிய குறை. ஆனாலும் மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட்டவர்கள் அங்கிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

திருச்சியில் "எங்கே தங்குவாள்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் துறவியர். பிரான்ஸின் சவோய் பகுதியில் 1838-இல் தோன்றிய சிலுவைக் கன்னியர் சபை 1923-இல் ஹோலி கிராஸைத் தொடங்கியது. மகளை ஊர் தாண்டி அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு, மலைக்கோட்டைக்குப் பக்கத்திலேயே கன்னியர் நடத்தும் கல்லூரி என்பது பெரிய தைரியம். ரகசியச் சடங்கு எதுவும் இங்கே தேவைப்படவில்லை. மூத்த மாணவியை 'அக்கா' என்று கூப்பிட்டால் போதும், உறவு வந்துவிடும்.

அடுத்த வாரம்: 1951. ஒரே ஆண்டில் ஜமால் முகமது கல்லூரியும் சீதாலட்சுமி ராமசுவாமி மகளிர் கல்லூரியும் பிறந்த கதை.

(தொடரும்)