ஈடும் நம்பிக்கையும்: சிங்கப்பூரில் சிறுவணிகக் கடனின் வரலாறு

வணிகம் செய்வோனுக்கு முதல் வேண்டும். முதல் இல்லாதவனுக்குக் கடன் வேண்டும். கடன் கொடுப்பவனுக்கோ ஈடு வேண்டும். இம்மூன்றும் பொருந்திய இடத்திலேதான் கடைகள் தழைத்தன. ஈடு என்பது காலந்தோறும் ஒரே பொருளாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் அது மனிதனின் நாணயம். ஒரு காலத்தில் மாதச் சம்பளம். பிறிதொரு காலத்தில் தொழிற்சாலையின் கணக்கேடு. சிங்கப்பூர்ச் சிறுவணிகரின் கடன் வரலாற்றை ஆராய்வோர், எக்காலத்தில் எது ஈடாகக் கொள்ளப்பட்டது, அதனால் யார் உள்ளே வந்தனர், யார் வெளியே நின்றனர் என்னும் வினாக்களையே முதலில் எழுப்புதல் வேண்டும்.

1819-ல் ஆங்கிலேயர் வணிகத் தளம் அமைத்த சில ஆண்டுகளுக்குள் நாட்டுக்கோட்டை நகரத்தார் இத்தீவுக்கு வந்தனர். அவர்கள் எழுப்பிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலின் குடமுழுக்கு 1859-ல் நடந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கிகளே அவர்களுடைய தொழிற்களம். நீண்ட கூடம் ஒன்றில் வரிசையாகப் பெட்டிகளும் சாய்மேசைகளும் இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு தனி நிறுவனம். பகலில் அலுவலகமாக விளங்கிய அதே கூடம் இரவில் உறங்கும் இடமாகவும் பயன்பட்டது. செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்காக முகவர் ஒருவர் பெரும்பாலும் மூவாண்டுத் தவணைக்கு வந்து தொழில் நடத்துவார். அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஆட்கள் இருந்தனர். வட்டிக்கணக்கும் பேரேடும் ஐந்தொகையும் பிழையற எழுதிப் பழகிய பையனே பின்னாளில் முகவரானான்.

மேலைநாட்டு வங்கிகள் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களையே நாடின. மளிகைக் கடைக்காரர், துணி வணிகர், சீன வியாபாரி, அரசாங்க ஊழியர் ஆகியோருக்கு அவற்றின் கதவு எளிதில் திறக்கவில்லை. அவ்விடைவெளியை நிரப்பியவர்கள் செட்டியார்களே. கடன் கேட்டு வருபவரின் கடையையும் நடத்தையையும் முன்னைய பாக்கியையும் முகவர் நேரில் அறிந்திருந்தார். அவ்வறிவே பாதி ஈடாக நின்றது. எனினும் நிலமோ நகையோ இல்லாதவர் புரோநோட்டின் பேரில் வாங்கிய கடனுக்கு மிகுந்த வட்டி கொடுக்க நேர்ந்தது. அதனால் விளைந்த துயரை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது.

இவ்விடத்தே பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. நகரத்தார் நிறுவனங்கள் தம் சொந்த முதலை மட்டும் கொண்டு தொழில் நடத்தவில்லை. உறவினரும் கோயில்களும் வட்டிக்கு வைத்த மேல்பணமும் அவற்றில் புழங்கியது. அதில் ஒரு பங்கு, திருமணத்தின்போது பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட சீதனப் பணம். ஆச்சிகளின் பெயரில் பற்று வரவு எழுதி, வட்டியை முதலோடு சேர்த்து வந்தனர். ஆகவே, காரைக்குடி வட்டாரத்து வீடுகளில் வாழ்ந்த பெண்களின் பணம் கடல் கடந்து வணிகத்துக்கு உதவியது. ஆனால் கிட்டங்கியோ முற்றும் ஆண்களின் உலகம். பெண் முதல் கொடுத்தவளாக ஏட்டில் இடம்பெற்றாள். தொழில் நடத்துபவளாக அங்கே அமரவில்லை.

கடன் சுமையால் வருந்திய சம்பளக்காரரைக் காக்கும் நோக்கத்தோடு நீரிணைக் குடியேற்ற அரசு 1924-ல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு, 1925-ல், அரசாங்க ஊழியர்களின் சிக்கன, கடன் சங்கம் தோன்றியது. சிங்கப்பூரின் முதற் கூட்டுறவுச் சங்கம் அதுவே. உறுப்பினர் மாதந்தோறும் சேமித்தனர். அச்சேமிப்பிலிருந்தே குறைந்த வட்டிக்குக் கடன் பெற்றனர். இஃது அரிய சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இங்கே ஈடாக நின்றது மாதச் சம்பளம். சிராங்கூன் சாலையில் பூக்கட்டி விற்பவளுக்கும் தேக்காவில் காய்கறி விற்பவளுக்கும் சம்பளச் சீட்டு ஏது?

அவர்கள் கையாண்ட வழிகள் இரண்டு. ஒன்று, நகை. நல்ல காலத்தில் வாங்கிய வளையல், நெருக்கடியில் அடகுக் கடைக்குச் சென்று கடைக்கு முதலாயிற்று. மற்றொன்று, கூட்டு. அறிந்தவர் பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் இவ்வேற்பாடு தமிழரிடை மட்டுமன்றிச் சீனரிடையும் மலாய்க்காரரிடையும் வழங்கியது. இதில் பத்திரம் இல்லை. அண்டை வீட்டார் முகமே ஈடு. அறிந்தவர் வட்டத்தைக் கடந்து இதுவே கம்பெனித் தொழிலாகப் பெருகியபோது ஆபத்தும் பெருகியது. 1971-ல் சீட்டு நிதிச் சட்டம் பிறந்ததற்கு அதுவே காரணம்.

சட்டமும் மெல்ல மாறியது. 1961-ல் நிறைவேறிய மாதர் சாசனம், மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும், ஒப்பந்தம் செய்யவும், தனியே வணிகம் நடத்தவும் உள்ள உரிமையை வரையறுத்துக் கூறியது. கடன் வாங்குவதும் ஓர் ஒப்பந்தமே ஆதலின், பெண் வணிகரின் வரலாற்றில் இச்சட்டம் ஒரு மைல்கல் எனலாம். அதே 1961-ல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் 10 கோடி வெள்ளி நிதியோடு தொடங்கப்பெற்றது. தொழிலுக்கு நீண்டகாலக் கடன் தரும் அதன் பணியை 1968-ல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் வளர்ச்சி வங்கி ஏற்றுக்கொண்டது. தனியார் வங்கிகள் குறுகியகால வணிகக் கடனையே விரும்பின. ஆலை நிறுவுவோருக்கோ பல்லாண்டுக் கடன் தேவைப்பட்டது. அக்குறையைப் போக்கவே வளர்ச்சி வங்கி பிறந்தது.

ஆனால் வேலைவாய்ப்பைப் பெருக்கும் ஆலைகளே அன்றைய முதற்கவலை. சிறிய தொழில்களுக்கென்று தனித்திட்டம் 1976-ல்தான் வந்தது. சிறுதொழில் நிதித் திட்டம் என்னும் அதன் வாயிலாக அரசு, வங்கிகளோடு சேர்ந்து சிறு நிறுவனங்களுக்குக் கடன் வழங்கியது. பிற்காலத்தில், பத்துப் பேருக்கு மேற்படாத ஊழியர்களைக் கொண்ட கடைகளுக்கும் குறுங்கடன் கிடைக்க வழி ஏற்பட்டது. இதற்கிடையே நகர மறுவளர்ச்சியில் மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகள் மறைந்தன.

தாயகத்திலும் இவ்வினா எழாமல் இல்லை. அகமதாபாத்தில் 1974-ல், 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுச் சேவா வங்கியைத் தொடங்கினர். எழுத்தறியாத உறுப்பினரை அடையாளம் காணக் கையெழுத்துக்கு மாற்றாகப் புகைப்படம் பயன்பட்டது. சென்னையில் ஜெயா அருணாசலம் 1978-ல் உழைக்கும் மகளிர் அமைப்பை நிறுவிக் கூடைக்காரிகளையும் சிறு வியாபாரிகளையும் குழுக்களாகத் திரட்டினார். தருமபுரியில் 1989-ல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. இவற்றிலெல்லாம் ஒருவர் கடனுக்கு மற்றவர் துணைநின்றனர். 2017-ல் மகளிர் வாழ்வாதாரக் கடன்பத்திரம் ஒன்று சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. தென்கிழக்காசியப் பெண்களின் தொழிலுக்கு முதலீட்டாளர் பணத்தைத் திருப்புவதே அதன் நோக்கம்.

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை விளங்கும். பெண்கள் பணம் இல்லாதவர்களாகவோ நாணயம் இல்லாதவர்களாகவோ இருந்ததனால் கடன் பெறாதிருக்கவில்லை. அவர்கள் சேமிப்பைக் கிட்டங்கி நம்பியது. அவர்கள் நகையை அடகுக் கடை நம்பியது. அவர்கள் சொல்லைக் கூட்டு நம்பியது. அவர்களிடம் இருந்த ஈட்டை எழுதிக்கொள்ள வங்கியின் ஏட்டிலேதான் பத்தி இல்லாதிருந்தது. கிட்டங்கி முகவரிடமிருந்து ஆளறியும் திறனையும், கூட்டுறவிலிருந்து குறைந்த வட்டியையும், வளர்ச்சி வங்கியிலிருந்து நீண்ட தவணையையும் எடுத்து ஒன்றுசேர்க்கும் நிலையமே சிறுவணிகருக்கு உற்ற துணையாகும். எதை ஈடாக ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தே யாரை வணிகராக ஏற்கிறோம் என்பதும் முடிவாகிறது.