நீராகாரமும் நன்மையும்

எங்க அப்பாயி நன்மை வாங்குற நாளில் நீராகாரம் குடிக்காது. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டதோடு சரி. பச்சைத் தண்ணிகூடக் கிடையாது. விடியுமுன் எழுந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் கரையோடு நாலு மைல் நடந்து பங்குக்கோயிலுக்குப் போகும். நடவு நாளாக இருந்தால் போகாது. நடவும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாக வந்தால் பண்ணைதான் முதல். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்ணையாள் குடும்பத்தில் அதைத் தீர்மானிக்கிற உரிமை அப்பாயிக்கு இருந்ததில்லை.

நன்மை 'வாங்குறது' என்றுதான் எங்கள் தெருவில் சொல்வார்கள். இப்போது திருப்பலி, நற்கருணை என்றெல்லாம் நல்ல தமிழில் சொல்கிறோம். அப்பாயிக்குப் பூசை, நன்மை, பாவசங்கீர்த்தனம். எம்.ஏ. தமிழ் படித்த பிறகுதான் அந்த 'வாங்குறது' என்ற சொல் என் காதில் உறைத்தது. கூலியும் வாங்குவதுதான், நன்மையும் வாங்குவதுதான். ரெண்டுக்கும் நின்று காத்துக்கிடக்க வேண்டும். ரெண்டிலும் எங்கள் ஆட்களுக்குக் கடைசி முறை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு பிரசங்கம். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கோயிலில் நற்கருணை ஆராதனைக்கு உட்கார்ந்திருந்தேன். சாமியார் நல்லவர், இளைஞர். "செல்போனுக்கு நேரம் இருக்கு, டிவிக்கு நேரம் இருக்கு, ஆண்டவரோடு உட்கார ஒரு மணி நேரம் இல்லையா? சாக்குச் சொல்லாதீங்க" என்றார். செல்போனைப் பற்றிச் சொன்னது என் வரைக்கும் உண்மை. ஆனால் எனக்கு முன்வரிசையில் இருந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார். காலில் மண் காயவில்லை. செபிக்கிற நேரம் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. யாருக்கு நேரம் இருந்தது, யாருடைய நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பேசாமல் 'நேரம் ஒதுக்குங்கள்' என்று எங்களிடம் சொல்வது எப்படிப்பட்ட பேச்சு?

திருச்சபை எப்போதும் இப்படி 'அடிக்கடி வா' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், வருசத்துக்கு ஒரு தடவை, பாஸ்கா காலத்தில் நன்மை வாங்கினால் போதும் என்றது. அதையாவது செய்யுங்கள் என்று கட்டளையிட்டது என்பதே சரி. 1264-இல் நான்காம் உர்பன் பாப்பு நற்கருணைக்கென்று தனித் திருநாள் ஏற்படுத்தினார். சனங்கள் பெரும்பாலும் நன்மையைப் பார்த்தார்கள், கும்பிட்டார்கள், உண்டது குறைவு. தினசரி நன்மை வாங்கலாம் என்று கதவைத் திறந்தது 1905-இல் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை. எந்த நிலையில், எந்தத் தொழிலில் இருப்பவராக இருந்தாலும், சாவான பாவமில்லாமல் நல்ல எண்ணத்தோடு வந்தால் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

தடுக்கக் கூடாது! நம் மண்ணில் அதற்கு முன்னாலேயே இருநூறு வருசமாக இந்தத் தடுப்பைப் பற்றித்தான் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

1606-இல் மதுரைக்கு வந்த நொபிலி பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். பறையரைத் தொட்டால் மேல்சாதிக்காரன் வரமாட்டான் என்பது கணக்கு. பிறகு மற்றச் சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் வந்தார்கள். 1704-இல் பாப்புவின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வைத்து ஓர் ஆணை போட்டார். அதில் ஒரு விதி எங்களைப் பற்றியது. நோயில் கிடக்கிற பறைக் கிறிஸ்தவர்களின் வீட்டுக்குள் குருக்கள் போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும். சாகக் கிடக்கிறவர்களைக் கோயிலுக்குத் தூக்கிவரச் செய்து நோயை முற்றவைக்கக் கூடாது. மேல்சாதி வைத்தியன்கூட உடம்பைக் காப்பாற்றப் பறையர் வீட்டுக்குப் போகிறான், ஆத்துமத்தைக் காக்க வந்த வைத்தியர் மறுக்கலாமா என்பது அவர் வாதம். இப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதை வைத்தே அன்று நடந்ததை ஊகித்துக்கொள்ளலாம். கடைசி நன்மைக்காக எங்கள் பாட்டன் பூட்டிகள் சாகும் நேரத்தில் குடிசையை விட்டு வெளியே தூக்கிவரப்பட்டார்கள். ஆணை போட்ட பிறகும் நாற்பது வருசம் மேல்முறையீடு நடந்தது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பு அந்த விதியை உறுதி செய்தார். அப்போதும் பறையர்களுக்கென்று தனிக் குருக்கள் என்கிற ஏற்பாடுதான் வந்தது. சேரிக்குத் தனிச் சுடுகாடு மாதிரி, தனிச் சாமியார்.

அடுத்த வருசம், 1745. இத்தாலியில் புனித அல்போன்ஸ் லிகோரியார் நற்கருணை நாதரைச் சந்திக்கும் செபங்களைப் புத்தகமாக வெளியிட்டார். கோயிலுக்குப் போய்ப் பீடத்துக்கு எதிரே அமைதியாக உட்கார்ந்து ஆண்டவரோடு பேசு என்று சொல்லிக்கொடுத்த புத்தகம் அது. இன்றைய ஆராதனைகளுக்கு அதுவும் ஒரு வேர். அதே 1745-இல் புதுச்சேரிக் கோயிலில் பறையருக்கும் சாதிக் கிறிஸ்தவருக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. நம் ஆட்கள் சாமியார்களிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிந்தது, சாதிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். இதைச் சாமியார்களின் கடிதங்களைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கிறிஸ்தவரே அல்லாத ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பீடத்துக்கு எதிரே அமைதியாக உட்கார்கிற உரிமைக்கு நாம் முதலில் சண்டை போட வேண்டியிருந்தது.

சுவர் ஏன் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நன்மையைக் கையில் கொடுக்கமாட்டார்கள். கிராதியில் முழங்கால் போட்டு நாக்கை நீட்ட வேண்டும். சாமியாரின் விரல் ஒரு நாக்கிலிருந்து அடுத்த நாக்குக்குப் போகும். தொடாதவன் எச்சிலும் தொடுகிறவன் எச்சிலும் சந்திக்கிற இடம் ஊரில் வேறு எங்கேயும் இல்லை. டீக்கடையில் தனிக் குவளை வைத்துவிடலாம். சாமியாருக்குத் தனி விரல் வைக்க முடியுமா? வரிசைதான் வைக்க முடியும். முதலில் ஊர், பிறகு சேரி. இது என் வாசிப்பு. ஆனால் அப்பாயியிடம் கேட்டபோது அது யோசிக்கவே இல்லை. "அவங்க எச்சி நமக்கு ஆவும், நம்ம எச்சி அவங்களுக்கு ஆவாதுல்ல" என்றது.

வரிசையின் கடைசி என்றால் நேரத்தின் கடைசி. அதோடு உபவாசத்தைச் சேர்த்துப் பாருங்கள். நடுராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கக் கூடாது என்பது மத்திய காலத்திலிருந்து வந்த சட்டம். மடத்தில் இருப்பவர்களுக்கு அது சிரமமில்லை. பங்களாவில் விழித்துப் பூசை முடிந்து காப்பி குடிப்பவர்களுக்கும் சிரமமில்லை. எங்கள் ஆட்களுக்கு விடிகாலை நீராகாரம்தான் வேலை செய்கிற உசிரு. பூசை காலையில்தான் உண்டு, வேலையும் காலையில்தான். இரண்டு மணிகளில் ஒன்றைத்தான் கேட்க முடியும். ஒரு மடக்கு குடித்துவிட்டால் அன்றைக்கு நன்மை இல்லை.

ரோமாபுரியில் இது தெரிய 1953 ஆயிற்று. ஆலையிலும் துறைமுகத்திலும் இரவு வேலை பார்ப்பவர்களை நினைத்துப் பன்னிரண்டாம் பத்திநாதர் சட்டத்தைத் தளர்த்தினார். பச்சைத் தண்ணி உபவாசத்தை முறிக்காது, சாயங்காலப் பூசையும் வைக்கலாம் என்றார். 1957-இல் சோறு மூணு மணி நேரம், தண்ணியாகக் குடிப்பது ஒரு மணி நேரம் என்று குறைத்தார். தெளிந்த நீராகாரத்துக்கு விடுதலை கிடைத்த வருசம் என்று நான் அதைக் குறித்து வைத்திருக்கிறேன். 1964-இல் எல்லாவற்றுக்குமே ஒரு மணி நேரம் போதும் என்றாயிற்று. உழைக்கிறவர்கள் சாக்குச் சொல்லவில்லை என்று பாப்புவே ஒப்புக்கொண்ட மாதிரி எனக்குப் படுகிறது.

அதுவரைக்கும் எங்கள் ஆட்கள் செபிக்காமலா இருந்தார்கள்? சாயங்காலம் உபதேசியார் மணி அடிப்பார், சேரிக் கோயிலில் கூடுவார்கள். தூங்கிக்கொண்டே முழங்காலில் நிற்பார்கள். வயலில் செபமாலை கிடையாது, மணியை உருட்டக் கை சும்மா இருந்தால்தானே. அப்பாயி ஒரு முடி நாத்துக்குப் பத்துப் பிரியதத்த மந்திரம் என்று கணக்கு வைத்திருந்தது. முடி தீர்ந்தால் பரலோக மந்திரம். கரையில் நிற்கிற கங்காணிக்கு வாய் அசைவது பாட்டு மாதிரி தெரியும். பண்ணையாருடைய நேரத்திலிருந்து அது ஆண்டவருக்குத் திருடிக்கொடுத்த நேரம்.

பிறகு கிராதிகளை எடுத்துவிட்டார்கள், பூசை தமிழுக்கு வந்தது. வரிசையும் சுடுகாட்டுச் சுவரும் பல ஊர்களில் போகவில்லை. 2008-இல் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களைச் சாதிக் கிறிஸ்தவர்கள் அடித்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

அப்பாயி கடைசியாகப் படுத்திருந்தபோது சாமியார் பைக்கில் நன்மை கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். அப்பாயி கையை ஆட்டி வேண்டாம் என்றது. "இப்பத்தான் கஞ்சி குடிச்சேன், சாமி." நோயாளிகளுக்கும் வயசானவர்களுக்கும் கால் மணி நேரம் போதும் என்று 1973-லேயே சொல்லியாயிற்று என்று நான் விளக்கினேன். சாமியாரும் சொன்னார். அப்பாயி நம்பவில்லை. "ரோமாபுரியில சொல்லியிருப்பாங்க. எனக்கு யாரும் சொல்லலியே. ஒரு மணி நேரம் ஆவட்டும்."

சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊரில் பூசை இருந்தது. பிறகு போன் போட்டு ஏதோ சொல்லிவிட்டு, எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார்.