பால் நிற இன்சுலினுக்குள் இருக்கும் பளிங்குகளின் கதை

சீனி வருத்தம் இல்லாத வீட்டை இப்போது எங்கள் ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ இன்சுலின் ஊசி போட்டுவிடும் பிள்ளைகளும் நிறையப் பேர். அவர்களிடம், "ஏன் இந்தக் குப்பி பால் மாதிரிக் கலங்கலாக இருக்கிறது? ஏன் உருட்டிவிட்டுப் போடச் சொல்கிறார்கள்?" என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. காரணம் தெரியாததால் சிலர் உருட்டுவதே இல்லை. அந்தக் காரணத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1921 இல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பிரெட்ரிக் பான்டிங்கும் சார்ல்ஸ் பெஸ்டும் சதையியிலிருந்து எடுத்த ஒரு சாறு இரத்தத்தில் சீனியைக் குறைப்பதை நாய்களில் கண்டார்கள். 1922 ஜனவரி 11 ஆம் திகதி லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாறு ஏற்றப்பட்டது. பெரிய பலன் இல்லை. சாற்றில் அவ்வளவு அழுக்கு. ஜேம்ஸ் கொலிப் என்பவர் மதுசாரத்தைக் கொண்டு அதைச் சுத்தமாக்கினார். ஜனவரி 23 ஆம் திகதி மீண்டும் ஊசி போட்டபோது சிறுவன் தேறத் தொடங்கினான்.

பாடப் புத்தகங்களில் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. சிறிய அளவில் சரியாக வந்த மருந்து, பெரிய அளவில் செய்தபோது வரவில்லை. சில காலம் கொலிப்பாலேயே மறுபடி செய்ய முடியவில்லை. மருந்து இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அது கைக்குக் கிடைக்காத நிலை.

1922 மே மாதம் அமெரிக்காவின் எலை லில்லி கம்பனி டொரன்டோவுடன் சேர்ந்தது. அங்கே ஜோர்ஜ் வோல்டன் என்ற இரசாயனவியலாளர் ஒரு விடயத்தைக் கவனித்தார். கரைசலின் அமிலத்தன்மையை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவந்தால், இன்சுலின் கரைந்திருக்க முடியாமல் தானாகவே அடியில் படிந்தது. அழுக்கின் பெரும்பகுதி மேலே கரைசலிலேயே நின்றது. மாடு, பன்றிச் சதையிகளிலிருந்து இன்சுலினைத் தொழிற்சாலை அளவில் எடுக்க வழி பிறந்தது அதனால்தான்.

ஆனால் படிந்தது ஒழுங்கற்ற தூள். அதைப் பளிங்காக்க முடியுமா என்பதே அடுத்த கேள்வி. சீனிப்பாகை ஆறவிட்டால் கற்கண்டு விளைகிறது அல்லவா? ஒரே வகை மூலக்கூறுகள் செங்கல் அடுக்குவது போல வரிசையாக அடுக்கப்பட்டால்தான் பளிங்கு உருவாகும். வேறு பொருட்களுக்கு அந்த அடுக்கில் இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் பளிங்காக்கலே ஒரு நல்ல சுத்திகரிப்பு.

1926 இல் அமெரிக்காவின் ஜோன் ஜேக்கப் ஏபல் இன்சுலின் பளிங்குகளைச் செய்து காட்டினார். பலர் நம்பவில்லை. ஒரு புரதம் ஓமோனாக இருக்க முடியுமா, அந்தப் பளிங்கில் ஒட்டியிருக்கும் வேறு ஏதோ ஒன்றுதான் மருந்தோ என்று கேட்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ஏபலின் முறையில் பளிங்கு ஒருநாள் வரும், இன்னொரு நாள் வராது.

எட்டு வருடங்களுக்குப் பிறகு, 1934 இல், டொரன்டோவின் கொனோட் ஆய்வுகூடத்தில் டி. ஏ. ஸ்கொட் விடையைக் கண்டுபிடித்தார். நாகம்! கரைசலில் மிகச் சிறிதளவு நாகம் இருந்தால் பளிங்கு வரும், இல்லாவிட்டால் வராது. அதன் பிறகு பளிங்காக்கல் விரும்பிய நேரத்தில் செய்யக்கூடிய வேலையானது. முதலாவது சர்வதேச அளவுகோலாக வைத்த இன்சுலினில் ஒரு மில்லிகிராமுக்கு 8 அலகுகள்தான் இருந்தன. 1935 இல் பளிங்கு இன்சுலினை அளவுகோலாக்கியபோது அது 22 அலகுகள். நாங்கள் ஊசியில் எண்ணி எடுக்கும் அந்த "அலகு" நம்பகமானதில் இந்தப் பளிங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

நாகம் என்ன செய்கிறது என்பதை 1969 இல் உலகம் பார்த்தது. இங்கிலாந்தின் டொரத்தி ஹொட்ஜ்கின் 1930களில் தொடங்கிய எக்ஸ் கதிர் ஆய்வை 30 வருடங்களுக்கு மேல் விடாமல் தொடர்ந்து, இன்சுலினின் அமைப்பைக் கண்டறிந்தார். இரண்டு நாக அணுக்களை நடுவில் வைத்து ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் சேர்ந்து நிற்கின்றன. எங்கள் சதையியின் கலங்களும் இன்சுலினை இப்படி நாகத்தோடு சேர்த்துப் பளிங்காகத்தான் சேமித்து வைக்கின்றன. மனிதன் பல வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றதை, உடல் எப்போதோ செய்துகொண்டிருந்தது.

பளிங்கு கைக்குள் வந்ததும் அதையே மருந்தின் வேகத்துக்குக் கடிவாளமாக்கினார்கள். தோலுக்கடியில் பளிங்கு மெதுவாகத்தான் கரையும். டென்மார்க்கில் ஹகடோர்னின் குழு, மீனிலிருந்து எடுத்த புரொட்டமின் என்ற புரதத்தையும் நாகத்தையும் இன்சுலினோடு சரியான விகிதத்தில் சேர்த்து 1946 இல் ஒரு பளிங்கை உருவாக்கியது. அதுதான் என்.பி.எச். இன்சுலின். 1950களில் நோவோ கம்பனி இன்னொரு வழியில் போனது. பெரிய பளிங்கு நீண்ட நேரம் வேலை செய்யும், பளிங்காகாத துகள் சீக்கிரம் கரையும். இரண்டையும் 70க்கு 30 என்று கலந்ததே லென்டே இன்சுலின். பளிங்கின் பருமன் மாறினால் மருந்து வேலை செய்யும் நேரமும் மாறிவிடும். அதனால் பெரிய தாங்கிகளில் அமிலத்தன்மை, வெப்பநிலை, நாகத்தின் அளவு, கலக்கும் வேகம் எல்லாவற்றையும் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று.

பன்றிச் சதையி என்ற விடயம் எங்கள் சமூகத்தவர்களுக்கு நீண்ட காலம் மனக் கஷ்டத்தைத் தந்தது. 1982 இல் பற்றீரியாவைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னர் மதுவத்திலும் தயாரித்தார்கள். சதையியின் இடத்தைப் பற்றீரியாவும் மதுவமும் பிடித்தன. ஆனால் நாகம் சேர்த்துப் பளிங்காக்கும் முறை இன்றும் இன்சுலின் தொழிற்சாலைகளில் இருக்கிறது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். அந்தப் பால் நிறம் அழுக்கும் அல்ல, பழுதும் அல்ல. திரவத்தில் மிதக்கும் நுண்ணிய பளிங்குகள்தான் அது. குப்பியை அசையாமல் வைத்தால் அவை அடியில் படிந்துவிடும். உருட்டாமல் எடுத்தால் ஒருநாள் மருந்து குறையும், இன்னொரு நாள் கூடும். கூடிய நாளில் சீனி திடீரென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். எனவே உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து, ஒரே சீரான பால் நிறம் வரும்வரை மெதுவாக உருட்டுங்கள். வேகமாகக் குலுக்க வேண்டாம். பிரிஜ்ஜின் ஐஸ் பெட்டிக்குள்ளோ அதை ஒட்டியோ வைக்க வேண்டாம். உறைந்த இன்சுலின் இளகினாலும் பழைய நிலைக்கு வராது, எறிந்துவிடுங்கள். உருட்டிய பிறகும் கட்டி கட்டியாகத் தெரிந்தாலோ, குப்பியின் சுவரில் வெள்ளையாக ஒட்டியிருந்தாலோ பாவிக்க வேண்டாம். தெளிவான நிறத்தில் வரும் இன்சுலினை உருட்டத் தேவையில்லை. அது கலங்கினால்தான் பிழை. சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் டொக்டரிடமோ தாதியிடமோ குப்பியைக் காட்டிக் கேளுங்கள்.

வாசிக்கத் தெரியாத மூத்தம்மா, அப்பாமாருக்கு இதைப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள். இன்று இரவு ஊசி போடும்போதே உருட்டிக் காட்டிவிடுங்கள்.