கிம்ப்புக்காகப் பிறந்த ஜிடிகே: பழைய டூல்கிட்களை லினக்ஸ் இன்னும் சுமக்கணுமா?

போன மாசம் வீட்டு லேப்டாப்பில் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். எல்லாம் ஓடியது, ஒன்றைத் தவிர. 2006-ல் நானே சி மொழியில் எழுதிய குறிப்பு அட்டை நிரல் திறக்கவே இல்லை. நூலகங்களில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள், ஊர்ப் பெயர்கள், பக்க எண்கள் என்று கிட்டத்தட்ட 4,000 அட்டைகள் அதற்குள் இருக்கின்றன. டெர்மினலில் ஓட்டிப் பார்த்தால் ஒரே வரியில் பதில்: ஜிடிகே 2 லைப்ரரி இல்லை.

மூல நிரல் இருந்தால் ஏதாவது செய்யலாம். அது பழைய ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டது. கையில் இருந்தது பைனரி மட்டும். தரவை வேறு, நானே வகுத்த ஒரு பைனரி வடிவத்தில் சேமித்து வைத்திருந்தேன். இருபது வருஷத்துக்கு முந்தைய என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்!

முதலில் கோபம் வந்தது. பிறகு இந்த டூல்கிட்டின் கதையைத் தேடிப் படித்தேன். கோபம் பாதி தணிந்தது. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

லைசென்ஸில் தொடங்கிய கதை

பட்டன், மெனு, ஸ்க்ரோல் பார், உரைப்பெட்டி இதையெல்லாம் ஒவ்வொரு நிரலும் புதிதாக வரையாமல், பொதுவாக வரைந்து தரும் லைப்ரரிதான் டூல்கிட். தொண்ணூறுகளின் யூனிக்ஸ் உலகில் அந்த இடத்தில் மோட்டிஃப் இருந்தது. அது காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டிய சரக்கு.

1995-ல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் கிம்ப் என்ற பட நிரலைத் தொடங்கினார்கள். அதன் ஆரம்பப் பதிப்பு மோட்டிஃபில்தான் இருந்தது. நிரல் இலவசம், ஆனால் அதைக் கட்டத் தேவையான டூல்கிட் இலவசமில்லை. இது சரிப்படாது என்று மேட்டிஸ் சொந்தமாக ஒன்றை எழுதினார். கிம்ப் டூல்கிட், சுருக்கமாக ஜிடிகே.

1996-ல் தொடங்கிய கேடிஈ, டிரால்டெக் நிறுவனத்தின் க்யூட்டியைத் தேர்ந்தெடுத்தது. அதன் அன்றைய லைசென்ஸ் முழுச் சுதந்திர லைசென்ஸ் இல்லை என்று சண்டை. 1997-ல் மிகெல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் க்னோம் தொடங்கியபோது ஜிடிகேவை எடுத்ததற்கு அதுவே முக்கியக் காரணம். ஒரு பட நிரலின் உபபொருள் இப்படித்தான் லினக்ஸ் டெஸ்க்டாப்பின் ஒரு தூணாக மாறியது. மோட்டிஃபும் கடைசியில் சுதந்திர லைசென்ஸுக்கு வந்தது, 2012-ல். அதற்குள் பந்தி முடிந்து இலையே எடுத்தாச்சு.

தமிழுக்கு ஏன் முக்கியம்

2002-ல் ஜிடிகே 2 வந்தது. நமக்கு அது வெறும் பதிப்பு எண் இல்லை. அதற்கு முன் கணினித் தமிழில் பெரும்பாலும் டிஸ்கி, டாப் போன்ற 8 பிட் குறியாக்கங்கள்தான் புழங்கின. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பை. ஜிடிகே 2 முழுக்க யூனிகோடுக்கு மாறி, எழுத்தை வரையும் வேலையை பேங்கோ என்ற லைப்ரரியிடம் விட்டது. 'கொ' என்பதை யூனிகோட் க, அதன் பின் ஒரு உயிர்க்குறி என்றுதான் சேமிக்கும். ஆனால் திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து க-வுக்கு முன்னும் பின்னும் நிற்கணும். அந்த நுணுக்கம் தெரிந்தது பேங்கோவுக்கு. அது இல்லாவிட்டால் என் நிரலே இல்லை.

பிறகு 2011-ல் ஜிடிகே 3. 2020 டிசம்பரில் ஜிடிகே 4. அதே மாசம் 2.24.33 என்ற கடைசி வெளியீட்டோடு ஜிடிகே 2-க்கு மங்களம் பாடிவிட்டார்கள். ஆனால் நிரல்கள் அந்த வேகத்தில் நகரவில்லை. எக்ஸ்எஃப்சிஈ முழுசாக 3-க்கு வந்தது 2019-ல். கிம்ப் வந்தது 2025 மார்ச்சில்! யாருக்காக அந்த டூல்கிட் பிறந்ததோ, அந்த நிரலுக்கே 14 வருஷம் ஆகியிருக்கிறது. அப்புறம் தனி ஆளாக எழுதுகிறவனை ஏன் மாறவில்லை என்று கேட்டால் என்ன சொல்ல?

சும்மா ஒரு ஓரமாகக் கிடக்கட்டுமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டிஸ்ட்ரோவில் ஒரு பேக்கேஜ் சும்மா கிடப்பதில்லை. புதுக் கம்பைலர் வரும்போதெல்லாம் மறுபடி கட்டியாகணும். 2024-ல் வந்த ஜிசிசி 14, அதுவரை எச்சரிக்கையோடு விட்டுவந்த சில பழைய சி பழக்கங்களைப் பிழையாகவே மாற்றியது. நிறையப் பழைய நிரல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. தமிழில் தட்டச்ச உதவும் ஐபஸ்ஸையே பாருங்கள். ஜிடிகே 2, 3, 4 மூன்றுக்கும் தனித்தனி மாட்யூல் வேண்டும். வேலேண்டில் ஜிடிகே 2 நேரடியாக ஓடாது, எக்ஸ்வேலேண்ட் வழியாகத்தான். அடர்த்தியான திரைகளில் எல்லாம் பொடிப்பொடியாகத் தெரியும். பாதுகாப்பு ஓட்டை வந்தால் மூலத் திட்டத்தில் அடைக்க ஆள் இல்லை. டிஸ்ட்ரோக்களில் இதையெல்லாம் பார்ப்பவர்களில் பலர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்.

எதிர்ப்பக்க நியாயத்துக்கு என் பைனரியே சாட்சி. 2006-ல் கம்பைல் செய்தது, கிட்டத்தட்ட இருபது வருஷம் மறுபடி கம்பைல் செய்யாமலே ஓடியது. ஜிடிகே 2 அவ்வளவு நிலையாக இருந்தது. லினக்ஸ் கெர்னலில் பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது டோர்வால்ட்ஸ் கறாராகப் பிடிக்கும் விதி. கெர்னலுக்கு மேலே டூல்கிட் அடுக்கில் அந்த விதி கிடையாது. உடைவது அங்கேதான்.

இன்னொன்று, எடுத்துவிட்டால் பழைய டூல்கிட் செத்துவிடுவதும் இல்லை. ஆர்டர் என்ற ஒலிப்பதிவு நிரல், ஜிடிகே 2-ன் பிரதியைத் தன் மூல நிரலுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. கேடிஈ 3-ஐ விட மனசில்லாதவர்கள் டிரினிட்டி என்ற பெயரில் அதையும் க்யூட்டி 3-ஐயும் சேர்த்தே வளர்க்கிறார்கள். பத்து நிரல்கள் இப்படிப் பத்துப் பிரதி வைத்துக்கொண்டால் ஒரு ஓட்டையைப் பத்து இடத்தில் அடைக்கணும். அதைத் தவிர்க்கத்தானே டிஸ்ட்ரோக்கள் பொது லைப்ரரி முறையையே வைத்திருக்கின்றன?

என் கட்சி

பராமரிக்க ஒருவர் பெயர் கொடுத்து முன்வரும் வரை இருக்கட்டும். அப்படி யாரும் வராவிட்டால் எடுக்கத்தான் வேண்டும். மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் மேல் எனக்கு உரிமை கிடையாது. ஆனால் ஒரு பதிப்பு முன்னாடியே, மேம்படுத்தும் நேரத்தில், "உங்கள் கணினியில் இன்னின்ன நிரல்கள் இதை நம்பி இருக்கின்றன" என்று சொல்லணும். பழையதைக் கன்டெய்னரில் ஓட்டும் வழியையும் அங்கேயே தரணும். யாரோ ஒருவர் எழுதி வைத்த வெளியீட்டுக் குறிப்பின் அடியில் ஒரு வரி போதாது.

நான் அந்த வழியைத்தான் பிடித்தேன். பழைய பதிப்பு ஒன்றைக் கன்டெய்னரில் ஏற்றி, நிரலைத் திறந்து, எல்லா அட்டைகளையும் உரைக் கோப்பாக வெளியே எடுத்தேன். ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. கடைசி அட்டை வரை வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

உங்களிடமும் இப்படி ஒரு பழைய நிரலுக்குள் ஏதாவது மாட்டிக்கிடந்தால், அது இன்னும் திறக்கும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். புது நிரலை ஜிடிகே 4-ல் எழுதுவதா, க்யூட்டியில் எழுதுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு கிரெப் போதும்.